குழாயடிப் பலகையும் மாவுக்கட்டுப் போட்ட மாடும்

போன மாதம் பூர்ணிமா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அருங்காட்சியகத்தில் எலும்பு அறையைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். கட்டடத்துக்கு வெள்ளையடிக்கிறார்களாம். குழாய்க்கு மேலே என் கையெழுத்தில் கன்னடத்தில் ஒரு பலகை இருக்கிறதே, 'தொடுவதற்கு முன் கை கழுவவும்' என்று, அதை எடுத்துவிடலாமா என்று கேட்டாள்.

"இப்ப எல்லாரும் கிளவுஸ் போட்டுக்கிறோம் மேடம். புதுசா வந்த பசங்க அதைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. தொட்டப்புறம் கழுவுன்னு எழுத வேண்டியதை யாரோ மாத்தி எழுதிட்டாங்கன்னு."

எனக்குச் சுருக்கென்று வந்தது கோபம். "யாரும் மாத்தி எழுதல. சரியாத்தான் எழுதியிருக்கேன். நீ எடுத்தேன்னா நான் ஆட்டோ பிடிச்சி வந்து திரும்ப மாட்டுவேன், பார்த்துக்கோ" என்றேன். அவள் பயப்படுகிற ஆள் இல்லை. "அப்படின்னா அது ஏன்னு எழுதிக் கொடுங்க, பசங்களைப் படிக்க வைக்கிறேன்" என்றாள். ஆகவே இது நீளமாகப் போனால் அவளைத் திட்டுங்கள்.

நான் பெங்களூர் நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவள். அப்பா பஞ்சாலையில் ஃபிட்டர், சங்கத்து ஆள். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். கூடத்தில் புத்தர் படம், பக்கத்தில் காலண்டர், அவ்வளவுதான் எங்கள் பூஜை அறை. எனக்கு யசோதரா என்று பெயர் வைத்தது நைனாதான். பட்டப்படிப்பு முடித்து, சர்க்கார் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, தட்டச்சு மெஷினோடு பாதி ஆயுசைக் கழித்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி அலுத்துவிட்டது, இங்கே வேறு சொல்ல முடியாது.

1991இல் ஒருநாள் ஆபீசில், "இங்கே ஸுவாலஜி படிச்சவங்க யாரு?" என்று கேட்டார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஏதோ போஸ்டிங் கிடைக்கும் என்று நினைத்துக் கையைத் தூக்கினேன். நாற்பது வயதில் ஒரு தவளையின் பெயர்கூட ஞாபகம் இல்லாதவளை, அருங்காட்சியகத்தின் பின்பக்கம் பழைய குதிரை லாயத்தில் கொண்டுபோய் விட்டார்கள். உள்ளே தரையிலிருந்து கூரை வரைக்கும் மரத் தட்டுகள், சாக்கு, தகரப் பெட்டி. எல்லாவற்றிலும் எலும்பு. மண்ணைத் தோண்டி ஆராய்கிற இடங்களில் பானை கிடைத்தால் காட்சிக்கு வைப்பார்கள், பொன் கிடைத்தால் பூட்டி வைப்பார்கள். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தின மாடு, ஆடு, நாய், மான் எலும்பெல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து சேரும்.

அந்த அறையின் அதிகாரி வசுந்தரா மேடம். சிவமொக்கா பக்கத்துக் கன்னடப் பெண்மணி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மெலிந்த உருவம், பருத்திப் புடவை, தோளில் எப்போதும் ஒரு துவாலை. பெங்களூரிலேயே பாதி வாழ்க்கை ஆனதால் தமிழ் பேசுவார், நடுவில் கன்னடம் வந்து உட்கார்ந்துகொள்ளும். முதல் நாள் நான் ஆசையாக ஒரு தட்டிலிருந்த தாடையை எடுக்கப் போனேன்.

"அய்யோ, நில்லுங்க! கை கழுவினீங்களா?"

"எடுத்துப் பார்த்துட்டுக் கழுவிக்கிறேன் மேடம்."

"ஸ்வல்ப இங்க வாங்க." குழாயடிக்குக் கூட்டிப் போனார். "தொடறதுக்கு முன்னாடி கழுவணும். தொட்டப்புறம் கழுவறதும் கழுவாததும் உங்க இஷ்டம். நம்ம கையில எண்ணெய் இருக்கு, உப்பு இருக்கு, காலையில நீங்க தாளிச்ச மஞ்சள் இருக்கு. நாளைக்கு எவனாவது இதைச் சோதனை பண்ணிப் பார்த்து, அந்தக் காலத்து மாடு சாம்பார் சாப்பிட்டுச்சுன்னு எழுதுவான். அழுக்கு நம்மகிட்டதான், அதுகிட்ட இல்ல."

நான் அப்படியே நின்றுவிட்டேன். செத்த மாட்டின் எலும்பு சுத்தம், அதைத் தொட வருகிற கைதான் அழுக்கு என்று ஒருத்தர் சொல்லி அதுவரை நான் கேட்டதே இல்லை. அது எனக்கு ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று மேடத்துக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக் கதை அப்படி.

என் தாத்தாவுக்கு வடாற்காடு பக்கத்தில் ஒரு ஊர். அங்கே எந்த வீட்டு மாடு செத்தாலும் தூக்கிப்போய் உரித்துப் புதைக்க வேண்டியது எங்கள் ஆட்கள்தான். கூலி கிடையாது, மாட்டேன் என்று சொல்லவும் கூடாது. தாத்தா ஒருநாள் மாட்டேன் என்றார். அதற்கு வாங்கிய அடியில் அவருடைய வலது தோள் கடைசிவரை மேலே ஏறவில்லை. பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு பெங்களூருக்கு வந்து, கன்டோன்மென்ட்டில் கூலி வேலை பார்த்தார். "செத்த மாட்டைத் தொட்ட கை இனிமே இந்த வூட்டுச் சோத்துல படக் கூடாது" என்று ஒரு சொல் சொன்னாராம். அந்தச் சொல்லைத்தான் நைனா சாமி மாதிரி வைத்திருந்தார்.

புது வேலை என்னவென்று முதலில் நான் வீட்டில் சொல்லவில்லை. மியூசியத்தில் ஆபீஸ் வேலை என்று மழுப்பினேன். ஆனால் எலும்பு வேலையை எத்தனை நாள் மறைக்க முடியும்? பழைய எலும்பை இன்னதென்று கண்டுபிடிக்க, பக்கத்தில் வைத்து ஒப்பிட இந்தக் காலத்து எலும்பு வேண்டும். சிவாஜிநகரில் கறிக்கடை வைத்திருந்த ஒரு பாய் எங்களுக்குத் தலை, கால் எல்லாம் கொடுப்பார். "க்யா மேடம், போன வாரம் மாடு, இந்த வாரம் ஆடா? மியூசியத்துல பிரியாணி போடறீங்களா?" என்று கிண்டல் வேறு. அதையெல்லாம் பின்பக்கம் தண்ணீர் டிரம்மில் ஊறவைத்து, சதை கழன்று வரும்வரை காத்திருந்து, கழுவி, நிழலில் காயவைக்க வேண்டும். அந்த நாற்றம் இருக்கிறதே, சோப்புக்கு மசியாது. பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு எப்போதும் காலியாகவே இருக்கும். ராஜ மரியாதை!

நைனா ஒரே மூச்சில் கண்டுபிடித்துவிட்டார். வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "இது இன்னா நாத்தம்னு எனக்குத் தெரியும். எங்க அப்பன் மேல அடிச்ச நாத்தம்" என்றார். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"எங்க அப்பன் தோளைக் கொடுத்து விட்ட வேலை. நீ பட்டம் படிச்சிட்டு, சம்பளம் வாங்கிகினு அதையே பண்றே. எதுக்கும்மா? செத்த மாட்டு எலும்பை வச்சிகினு இன்னா பண்ணப் போறீங்க?"

அறிவியல், வரலாறு என்று ஏதோ உளறினேன். அன்றையிலிருந்து நைனா என் கையால் எதுவும் வாங்கவில்லை. தினமும் நான் குளித்துவிட்டு வந்துதான் காபி போடுவேன். அப்படியும் டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைக்க வேண்டும், அவர் அங்கிருந்து எடுத்துக்கொள்வார். அம்மா எனக்காகச் சண்டை போட்டுப் பார்த்தாள். "தீட்டுன்னு நான் சொல்வேனா? அது எங்க அப்பன் சொன்ன சொல்லு" என்பார். ஊர்க்காரர்கள் தாத்தாவுக்குத் தூரத்தில் வைத்துத்தான் தண்ணீர் ஊற்றினார்கள் என்று கதை கதையாகச் சொன்னவர், பெற்ற பெண்ணுக்கு ஜன்னல் விளிம்பு காட்டினார். எனக்கு அழுகையை விட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. அந்த டம்ளரை என்றாவது அவர் என் கையிலிருந்து வாங்க வேண்டும், அதுவும் நான் வேலையை விடாமலே. எனக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

வேலையை விட என்னால் முடியாது. அதற்குள் அது என்னைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

எப்படிப் பிடித்தது என்று கேட்டால், ஒரு விலா எலும்பைச் சொல்வேன். சேர்ந்த புதிதில் ஒருநாள் அதில் சின்னச் சின்னக் குழிகள் வரிசையாக இருந்ததைப் பார்த்துவிட்டு, பூச்சி அரித்திருக்கிறது என்றேன். மேடம் ஒரு நாயின் மண்டையோட்டை எடுத்து வந்து அதன் பல்லைக் குழிகளின் மேல் வைத்துக் காட்டினார். அச்சாகப் பொருந்தியது. நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ கறி தின்றுவிட்டு எறிந்த எலும்பை ஒரு நாய் காலால் அழுத்திப் பிடித்துக் கடித்திருக்கிறது. அந்த மனிதர் பெயர் போயிற்று, மொழி போயிற்று, வீடு போயிற்று. நாயின் பசி மட்டும் என் உள்ளங்கையில் இருந்தது. பஸ்ஸில் போகும்போதுகூட என் கையையே பார்த்துக்கொண்டு போனேன்.

மேடத்தின் வேலை முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எலும்பை இரண்டு கையாலும்தான் எடுக்க வேண்டும், பச்சைக் குழந்தையை எடுக்கிற மாதிரி. தூசியை வாயால் ஊதக் கூடாது. எண் எழுதுவதென்றால் முதலில் நிறமில்லாத பூச்சு ஒரு சொட்டு, அது காய்ந்ததும் அதன் மேல் மெல்லிய பேனாவால் எண், அதற்கு மேல் இன்னொரு சொட்டு பூச்சு. மை நேராக எலும்பில் படவே கூடாது. பல் பட்ட தடம், கத்தி பட்ட தடம் இருக்கிற பக்கத்தில் எண் எழுதினால் அன்றைக்கு மேடம் யாரிடமும் பேச மாட்டார்.

எல்லாவற்றையும் விட விசித்திரம், அவருடைய விரோத பக்ஷம். கன்னடத்தில் எதிர்க்கட்சிக்கு அதுதான் பெயர். ஒருவர் ஒரு எலும்பை இன்னது என்று சொன்னால், இன்னொருவர் கண்டிப்பாக இல்லை என்று வாதாட வேண்டும். மனதுக்குள் சரி என்று பட்டாலும் ஒப்புக்கொள்ளக் கூடாது. செம்மறியா வெள்ளாடா என்று ஒரு கணுக்கால் எலும்புக்காக நாங்கள் போட்ட சண்டையைக் கேட்டு, ஏதோ சொத்துத் தகராறு என்று வாட்ச்மேன் எட்டிப் பார்த்திருக்கிறார். எதிர்க்கட்சி வாயடைத்துப் போனால்தான் முடிவு. அப்போதும் மேடம் 'இதுதான்' என்று சொல்ல மாட்டார். "இருக்கலாம்" என்பார். அவர் அகராதியில் அதற்கு மேல் உறுதியான சொல் கிடையாது.

இனி அந்த மாட்டின் கதை. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். லாயத்தின் கூரை ஒழுகி, கீழ்த்தட்டில் பல வருஷமாகக் கிடந்த ஒரு பெரிய கட்டு நனைந்துவிட்டது. கட்டில் அளவு இருக்கும். அது வடக்குக் கர்நாடகத்தில் ஒரு சாம்பல் மேட்டிலிருந்து வந்தது. அந்தப் பக்கத்தில் பழங்கால மனிதர்கள் மாடுகளைப் பட்டியில் அடைத்து வைப்பார்கள். சாணம் சேரச் சேர அதைக் கொளுத்துவார்கள். அப்படிக் கொளுத்திக் கொளுத்தியே குன்று மாதிரி சாம்பல் மேடு உண்டாகிவிடும். அதற்குள் ஒரு மாடு முழுசாகப் புதைந்திருந்தது. முன்பாதியை எலும்பு எலும்பாக எடுத்துவிட்டார்கள். பின்பாதி நொறுங்கும் போலிருந்ததால் சுற்றியிருந்த மண்ணோடு பெயர்த்து, கை உடைந்தால் போடுகிறோமே அந்த மாவுக்கட்டு, அதைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். அதை யாரும் பிரிக்கவில்லை. பிரிக்கத் தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் அந்த மாட்டைப் பற்றி எழுத வேண்டியதை ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. எழுதியவர் வசுந்தரா மேடம்.

அவர் சின்ன வயதில் அந்த இடத்தில் தோண்டும்போதே கூட இருந்தவர். பசுவின் வால் பக்கத்தில் ஒரு கன்றுக்குட்டியின் முன்னங்கால் மட்டும் மண்ணுக்கு மேலே தெரிந்ததாம். அதில் தெளிவாகக் கத்தித் தடம். தாயையும் கன்றையும் சேர்த்துப் பலி கொடுத்திருக்கிறார்கள் என்று அவர் கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரைதான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள்கூட, "அந்தப் பலி மாட்டை எழுதினவர் நீங்கள்தானா?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார்கள்.

நனைந்த கட்டை அப்படியே விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். பிரித்தோம். சிறிய ரம்பத்தால் மாவுக்கட்டை அறுத்து, மண்ணை மூங்கில் சிம்பால் சுரண்டி, பெயிண்ட் பிரஷ்ஷால் தள்ளி, தண்ணீரைப் பூத்தூவலாகத் தெளித்து, எலும்பு வெளியே தெரியத் தெரிய நீர்த்த பசையைச் சொட்டு சொட்டாக ஊட்டினோம். வாரக்கணக்கில் இதே வேலை. எனக்கு முதுகு போயிற்று. மேடம் மட்டும் ஸ்டூலில் குனிந்தபடி, கோயிலில் உட்கார்ந்தவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் காலை பசுவின் இடுப்பெலும்பு வளையம் முழுசாகத் தெரிந்தது. அதற்கு உள்ளே, வயிற்றுப் பக்கமாக, தேங்காய் ஓடு போல மெல்லிய ஒரு சின்ன மண்டையோடு. மேடத்தின் பிரஷ் நின்றது. பிறகு எழுந்து போய் மறுபடியும் கை கழுவிவிட்டு வந்தார்.

"யசோதரா, அந்தப் பழைய கட்டுரை உங்க கட்சி. இன்னைக்கு நான் விரோத பக்ஷா. வாதாடுங்க."

மேடத்தின் பெயரே அந்தக் கட்டுரையில்தான் இருந்தது. ஆனாலும் முறை என்றால் முறை. மேடத்துக்காக மேடத்தோடு சண்டை போட்டேன்.

"கன்னுக்குட்டியை வெட்டித் தாய் மேல போட்டிருக்கலாம் மேடம். மேலே மண்ணு அழுத்தி, அப்புறம் உள்ளே இறங்கியிருக்கும்."

"இறங்கினா வரிசை கலைஞ்சிருக்கும். நோடி, இங்க பாருங்க, கன்னோட முதுகுத்தண்டு ஒண்ணொண்ணும் அதது இடத்துல இருக்கு. மாலை கோத்த மாதிரி."

"பிறந்து ரெண்டு நாள் ஆன கன்னா இருக்கலாம்."

"பல்லு தேயவே இல்ல. ஒரு தடவைகூட மெல்லல. அது மட்டும் இல்ல, தலை பாருங்க. கன்னு வெளியே வரும்போது ரெண்டு முன்னங்காலும் முன்னால, தலை அதுக்கு மேல, நேரா வரணும். இது கழுத்தைத் திருப்பிக்கிட்டுப் பின்னால பார்க்குது. ஒரு கால் மட்டும் வெளியே வந்திருக்கு. சிக்கிடுச்சு."

"அப்ப அந்தக் கத்தித் தடம்?" என்றேன். இதில் ஜெயித்துவிடலாம் என்று நிஜமாகவே நினைத்தேன். "சிக்கின கன்னை எதுக்கு மேடம் வெட்டணும்?"

தோண்டியபோதே எடுத்து வைத்திருந்த அந்த முன்னங்கால் எலும்பை மேடம் தட்டிலிருந்து இரண்டு கையாலும் எடுத்தார். அது வெளியே வந்திருக்கக்கூடிய இடத்தில் அதைப் பிடித்துக் காட்டினார். வெட்டு மூட்டின் மேலே, உடம்பை ஒட்டி இருந்தது. கழுத்தில் வெட்டு இல்லை. மார்பில் இல்லை.

"கன்னு உள்ளேயே செத்துப்போச்சு. தாயை விடக் கூடாதுன்னு கையை உள்ளே விட்டிருக்காங்க. வெளியே வந்த காலை அறுத்துட்டு, மிச்சத்தைத் திருப்பி எடுக்கப் பார்த்திருக்காங்க. முடியல."

இரும்பு தெரியாத காலம். கையிலிருந்தது கல் கத்தி. துடிக்கிற பசுவின் பக்கத்தில் யாரோ மண்டியிட்டு, தோள் வரைக்கும் கையை விட்டு, கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் விரலால் தடவித் தடவி அறுத்திருக்கிறார்கள். அந்த ஆளின் மூச்சு எனக்குக் கேட்கிற மாதிரி இருந்தது. இத்தனைக்கும் அந்த மேட்டில் கிடைத்த மற்ற மாட்டெலும்பெல்லாம் உடைத்து உள்ளே இருந்த மஜ்ஜையை உறிஞ்சியவை. மாட்டுக் கறி அவர்களுக்குச் சாப்பாடுதான். ஆனால் இந்தப் பசுவின் ஒரு எலும்பைக்கூட உடைக்கவில்லை. மேடம் குளம்புக்கு மேலுள்ள எலும்பையெல்லாம் லென்ஸ் வைத்துத் தேடினார். தோல் உரித்தால் அங்கேதான் கத்தி படும். ஒரு கீறல் இல்லை.

நான் வாயடைத்துப் போனேன். எதிர்க்கட்சி ஜெயித்துவிட்டது.

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்து துவாலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை, அவர் முகம் அப்படிப் பிரகாசமாக இருந்து நான் பார்த்ததில்லை. "காப்பாத்தப் பார்த்தவங்களை இத்தனை வருஷம் கொன்னவங்கன்னு எழுதி வச்சிருக்கேனே" என்றார். "எப்படிப்பட்ட ஜனங்க, இல்லையா?" ஒரு வாரத்தில் தன் கட்டுரையைத் தானே மறுத்து எழுதி அனுப்பிவிட்டார். பழைய சிநேகிதர் ஒருவர் போனில், இப்போது யார் கேட்டார்கள், ஓய்வு பெறுகிற நேரத்தில் இது எதற்கு என்று புத்தி சொன்னார். "என் கட்டுரைக்கு நானே விரோத பக்ஷமா இல்லைன்னா வேற யாரு இருப்பாங்க?" என்று போனை வைத்துவிட்டார். பெயர் வாங்கிக் கொடுத்த ஒன்றைச் சந்தோஷமாக உடைத்த வேறு ஆளை நான் பார்த்ததே இல்லை.

அன்று வீட்டுக்குப் போய்க் குளித்தேன், காபி போட்டேன், டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தேன். அடக்க முடியவில்லை. நைனா கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லியே தீருவது என்று ஆரம்பித்துவிட்டேன். பேப்பரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கல் கத்தி என்றபோது பேப்பர் மடியில் இறங்கிவிட்டது.

"துன்னலையா?"

"இல்ல நைனா."

"தோலு?"

"உரிக்கல. உரிச்சா கால் எலும்புல கீறல் இருக்கும். இல்ல."

காபி ஆறிக்கொண்டிருந்தது. அவர் எடுக்கவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அப்போ, அந்த மாட்டை யாரு தூக்கினது?"

அறுபது வருஷத்துக் கேள்வி அது. "தெரியல நைனா. மேடத்தைக் கேக்கணும்" என்றேன்.

"நானே கேக்கறேன்" என்றார்.

அடுத்த நாளே கிளம்பிவிட்டார். சங்கத்து மீட்டிங்குக்குப் போகிற மாதிரி சலவைச் சட்டை, வேட்டி. லாயத்து வாசலில் மேடம் கைகூப்பி, "நமஸ்காரா, நமஸ்காரா. உள்ளே வாங்க" என்றவர், அதே மூச்சில், "முதல்ல கை கழுவிட்டு வந்துடுங்க" என்றார்.

நான் செத்தேன். எனக்குப் பழகிப்போன விஷயம், முன்கூட்டியே நைனாவிடம் சொல்லத் தோன்றவில்லை. அவர் முகம் கல்லாகிவிட்டது. பெரிய சாதி அம்மா ஒருத்தி வாசலில் நிறுத்திக் கை கழுவச் சொன்னால், என் நைனாவுக்கு அது ஒரே ஒரு அர்த்தம்தான். செருப்பை மாட்டிக்கொள்ளத் திரும்பிவிட்டார். "நைனா, அது அப்படி இல்ல..." என்று நான் திக்கிக்கொண்டிருக்கும்போதே, மேடம் ஒன்றும் புரியாமல் அவரைத் தாண்டிக் குழாயடிக்கு வந்துவிட்டார்.

"ஸ்வல்ப தள்ளிக்கோங்க, நானும் கழுவணும். இப்பதான் கொத்தமல்லி ஆய்ஞ்சேன், நம்ம கை அழுக்கு அதுமேல படக் கூடாது" என்று புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, முழங்கை வரை சோப்புப் போட ஆரம்பித்தார்.

நைனா ஒற்றைச் செருப்போடு நின்றார். "நம்ம கை அழுக்கு, மாட்டு மேல படக் கூடாதா?"

"ஆமா."

"செத்த மாட்டு மேல?"

"ஆமா. உங்க பொண்ணு சொல்லலையா? இங்க யார் வந்தாலும் அதான். மந்திரி வந்தாரு, அவரும் கழுவினாரு." சோப்பை நீட்டினார்.

நைனா அந்தச் சோப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாங்கினார். ஃபிட்டர் கை, மில் எண்ணெய் போக வருஷக்கணக்கில் தேய்த்துப் பழகிய கை. விரல் விரலாக, நகம் நகமாக அவ்வளவு பொறுமையாகக் கழுவினார். மேடம் துவாலையை அவிழ்த்துக் கொடுத்தார்.

உள்ளே பசு மணல் தட்டில் படுத்திருந்தது, வயிற்றில் கன்றோடு. மேடம் ஒவ்வொன்றாகக் காட்டினார். நைனா கேட்க வந்ததைக் கேட்டார். "இதை யாரும்மா தூக்கிப் போட்டது? யாரைக் கூப்பிட்டு அனுப்பினாங்க?"

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார்.

"யாரு தூக்கினாங்கன்னு எலும்பு சொல்லாதுங்க. தெரியாததை நான் சொல்லக் கூடாது. ஆனா வெளியே கொண்டுபோய் எறியல. ஊரு ஓரத்துல போடல. மத்த மாடெல்லாம் படுத்திருந்த அதே பட்டியில, அது கன்னு போட்ட இடத்துலயே வச்சு மூடியிருக்காங்க. பிரசவம் பார்த்த கையே மண்ணும் தள்ளியிருக்கலாம்."

"இருக்கலாமா?"

"இருக்கலாம்."

அவர் வாயில் அதைவிடப் பெரிய சொல் கிடையாது என்று நைனாவுக்குத் தெரியாது. ஆனாலும் தலையை ஆட்டினார். "தொட்டுப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார். மேடம் கன்றின் அந்த முன்னங்காலை எடுத்து, இரண்டு கையையும் ஏந்தச் சொல்லி அதில் வைத்தார். நைனா கத்தித் தடத்தின் மேல் கட்டை விரலை மெதுவாக ஓட்டினார். "பாவி, எவ்வளவு பாடுபட்டிருக்கான்" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவர் கண் நிறைந்திருந்தது, துடைக்கவும் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் இரண்டு பேரும் சேர்ந்து நுழைந்தோம். நான் பழக்கத்தில் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் திரும்பினேன். நைனா நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். "காபி போடும்மா" என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அய்ய, ரெண்டு பேரும் எங்க போய்ட்டு வந்தீங்க? அவ இன்னும் குளிக்கல. நீயும் அதைத் தொட்டுட்டு வந்திருப்பே. எழுந்து போய்க் கையைக் கழுவு."

"கழுவிட்டுதாண்டி தொட்டோம்" என்றார் நைனா.

நான் குளிக்காமலே காபி போட்டேன். டம்ளரோடு கூடத்துக்கு வந்து, ஜன்னலுக்குப் போவதா நாற்காலிக்குப் போவதா என்று தெரியாமல் நடுவில் நின்றுவிட்டேன். நைனா கையை நீட்டினார்.